பிலோமினா அக்காவின் பூசாத வீடு

போன வாரம் எங்கள் ஆர்க்கிடெக்ட் ஸ்டூடியோவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் ‘எங்கள் ஸ்டூடியோ’ என்றுதான் வாயில் வருகிறது, என்ன செய்ய! இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். குரலில் அழாத குறை.

“மேடம், ஒரு கிளையன்ட் அடம் பிடிக்கிறார். சுவரெல்லாம் நல்லாப் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட்டும் அடிச்சாச்சு. இப்ப அது மேல செங்கல் மாதிரி டைல்ஸ் ஒட்டணுமாம். ஏதோ காபி ஷாப்ல பார்த்தாராம். வரதன் சார்கிட்ட இதை யார் சொல்றது? நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.”

“நான் எதுக்கும்மா ரிட்டயர் ஆனேன்? இதையெல்லாம் அவர்கிட்ட சொல்லாம இருக்கத்தானே” என்றேன்.

போனை வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். செங்கல்லை மூடச் சொல்லி ஒரு காலத்தில் எங்கள் ஆபீசில் சண்டை நடந்தது. இன்றைக்கு மூடிய சுவரின் மேல் செங்கல் படத்தை ஒட்டச் சொல்லிச் சண்டை. அந்தப் பழைய சண்டையை நேரில் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. மறுநாள் அந்தப் பெண்ணிடம் அதைச் சொன்னதும் எழுதச் சொல்லி நச்சரித்தாள், எழுதுகிறேன்.

நான் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வளர்ந்தவள். சிவில் டிப்ளமா முடித்துவிட்டு வேலை தேடி அலைந்தபோது, ராயபுரத்தில் ஒரு ஆர்க்கிடெக்டுக்கு சைட் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். கல்மண்டபம் பக்கத்தில் ஒரு சந்து, அதில் ஒரு பழைய தானியக் கிடங்கு. அதுதான் ஆபீஸ். வரதன் சார் என்னைப் படிப்பு பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பலகையை என் முன்னால் வைத்து, “இது என்ன மரம்?” என்றார். தட்டிப் பார்த்தேன். “இது மரமே இல்லை சார். தூளை அமுக்கி மேலே மைக்கா ஒட்டியிருக்காங்க” என்றேன். “நாளைக்கு வந்துடுங்க” என்றார். என் இன்டர்வியூ அவ்வளவுதான். எங்கள் வீட்டு பீரோவும் அதே சரக்கு என்பதால்தான் கண்டுபிடித்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

வரதன் சார் அடையாறு பக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஒல்லியான மனிதர், கதர்ச் சட்டை, தடித்த கண்ணாடி. அவருக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியம். கல் கல்லாகத் தெரிய வேண்டும், மரம் மரமாகத் தெரிய வேண்டும், இரும்பு இரும்பாகத் தெரிய வேண்டும். ஒன்றின் மேல் இன்னொன்றைப் பூசி வேறொன்று மாதிரி காட்டுவது அவர் அகராதியில் பொய். “பொருள் பொய் சொல்லக் கூடாது” என்பார். அந்தக் கிடங்கை வாடகைக்கு எடுத்ததும் அவர் செய்த முதல் வேலை, உள்ளேயும் வெளியேயும் இருந்த பூச்சை எல்லாம் சுரண்டிக் கொட்டியதுதான். ஊரில் எல்லோரும் வீட்டைப் பூசுவார்கள், இந்த மனிதர் பூசிய கட்டடத்தை உரித்தார். கிடங்கின் சொந்தக்காரர் ஓடி வந்து, “சார், நான் வாடகைக்குத்தான் குடுத்தேன், இடிக்கிறதுக்குக் குடுக்கல” என்று தலையில் அடித்துக்கொண்டாராம். அன்றிலிருந்து சந்தில் அவருக்குப் பெயர் ‘செங்கல் சார்’.

அவர் பொருள் வாங்கும் விதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். சூளையிலிருந்து செங்கல் வந்தால் இரண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுவார். மணி மாதிரி ‘ணங்’ என்று சத்தம் வர வேண்டும். ‘டொக்’ என்று கேட்டால் லோடு திரும்பிப் போகும். அடுத்து நகத்தால் கீறுவார். கோடு விழுந்தால் திரும்பிப் போகும். அடுத்து ஒரு கல்லை வாளித் தண்ணீரில் போட்டு, மறுநாள் அது எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று தராசில் வைத்துப் பார்ப்பார். கம்பி வாங்க சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கு அவரே வருவார். அங்கே துருவை விரலால் தடவி மூக்கருகில் கொண்டுபோவார். கடைக்காரர்கள் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே டீ சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் மணல். கடல் பக்கத்து ஊர் என்பதால் கடல் மணலைக் கலந்து தள்ளிவிடுவார்கள் என்ற சந்தேகம் அவருக்கு எப்போதும் உண்டு. லாரி வந்து நின்றதும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். லாரி டிரைவர்கள் கீழே இறங்கி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். “இன்னா சார், உப்பு கரீட்டா கீதா? ரவ காரம் போடவா?” என்று ஒருத்தன் கேட்டதற்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். சார் சிரிக்கவில்லை. “காரம் வேண்டாங்க. உப்பு இருக்கு, திருப்பி எடுத்துட்டுப் போங்க” என்றார்.

அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மரியாதைதான் உயரும். சாதாரண நாளில் நான் ‘செல்வி’. தப்பு செய்த நாளில் ‘செல்வி அம்மா, கொஞ்சம் இப்படி வர்றீங்களா?’ அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் அன்றைக்கு மதியச் சோறு இறங்காது. கொத்து வேலைக்கு எங்களிடம் நிரந்தரமாக இருந்தவர் ஏகாம்பரம் மேஸ்திரி. அவருக்குக் கோபம் வந்தால் திருவொற்றியூர் வரைக்கும் கேட்கும். இந்த இருவருக்கும் நடுவில்தான் என் உத்தியோகம்.

மெட்ரோ ரயிலுக்காகத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையைத் தோண்டிப்போட்டிருந்த சமயம். ஒரு நாள் காலையில் கால் முழுக்கப் புழுதியோடு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து ஓட்டல்களுக்குப் போடுகிற பிலோமினா அக்கா. ஏலத்தில் கத்திக் கத்தி அவருக்குச் சாதாரணப் பேச்சே ஒலிபெருக்கி மாதிரி இருக்கும்.

“இங்க செங்கல் சார் யாரு?” என்றார்.

சார் எழுந்து நின்றார்.

“சார், என் வூட்டுக்காரு கடக்கால் போட்டு வச்சிட்டுப் பூட்டாரு. அது அப்படியே கெடக்குது. அது மேல வூடு கட்டலாமா, இல்ல தோண்டிப் போட்டுட்டுப் புச்சா போடணுமா? நீ வந்து ஒரு தபா பாத்துச் சொல்லு.”

போய்ப் பார்த்தோம். அக்காவின் கணவர் மரியதாஸ் ஹார்பரில் வேலை பார்த்தவர். லீவு நாட்களில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு தன் கையாலேயே அஸ்திவாரம் போட்டிருக்கிறார். தரைமட்டம் வந்த கையோடு மஞ்சள்காமாலை வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பல வருடமாக அதன் மேல் ஆடு படுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீடு மரியதாஸின் அண்ணன் மைக்கேலுடையது. தெருவில் யார் வழி கேட்டாலும் அந்த மைக்கேல், “அதோ, என் தம்பி பாதியில உட்ட வூடு, அதுக்குப் பக்கத்துல” என்றுதான் அடையாளம் சொல்வாராம். “இவளாவது முடிக்கிறதாவது” என்று கூடவே ஒரு சிரிப்பு. அக்கா இதை எங்களிடம் சொல்லும்போது அந்தப் பெரிய குரல் கொஞ்சம் தணிந்தது. முடித்துக் காட்ட வேண்டும், அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

சார் அஸ்திவாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஓரத்தில் மண்ணைத் தோண்டச் சொல்லிக் குனிந்து பார்த்தார். கருங்கல்லை ஒன்றுக்குள் ஒன்று கவ்வும்படி அடுக்கி, இடுக்கில் சில்லு வைத்து இறுக்கியிருந்தது. சார் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு வாஞ்சை. “உங்க வீட்டுக்காரர் பொய்யே சொல்லத் தெரியாதவரா இருந்திருப்பார்மா” என்றார்.

“அதெல்லாம் நல்லாவே சொல்லுவாரு சார்” என்றார் அக்கா.

அந்த வீட்டைச் சார் கட்டிய மாதிரி வேறு எதையும் கட்டி நான் பார்த்ததில்லை. எங்கள் ஆபீஸ் மொட்டை மாடியில் மாதிரிச் சுவர்கள் நிற்கும். எந்தச் சூளைக் கல்லாக இருந்தாலும் ஒரு மழைக்காலம் முழுக்கக் கடல் காற்றில் நின்று, உப்புப் பூக்காமல் தேறினால்தான் சைட்டுக்குப் போகும். அக்கா வீட்டுக்கு அதிலேயே முதல் மார்க் வாங்கிய கல். ஏகாம்பரம் மேஸ்திரி ஒவ்வொரு வரிசைக்கும் நூல் பிடித்து, மட்டம் பார்த்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வரும் இணைப்புகளைப் பென்சில் கோடு மாதிரி இழுத்தார். “இந்தச் செவுத்த மூஞ்சியில பவுடர் போட்டு மறைக்கப் போறதில்ல, அத்தொட்டு மூஞ்சியே அழகா இருக்கணும்” என்பார். பூச்சே வேண்டாம் என்று சார் சொன்னபோது அக்கா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மே மாத வெயிலில் ஜில்லென்று இருந்தது. “நீ சொன்னா சரி சார்” என்றார். படம் வரையும்போதே நான் ஒரு தடவை, “சார், நம்ம ஏரியால பூசாம விட்டா ஒரு மாதிரி பேசுவாங்க” என்று இழுத்தேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

வீடு எழுந்தது. செங்கல் சுவரும் தேக்குச் சன்னலுமாக, எனக்குக் கண் கொள்ளவில்லை. தெருவுக்கு வேறு கண். “இன்னாக்கா, சிமென்ட்டு ஏறிப்போச்சா?” என்று ஒருத்தி கேட்டாள். “சீட்டு எடுத்தாவது பூசிடு பிலோமி, மழ வருது” என்று இன்னொருத்தி. வலை பின்னும் ஒரு பெரியவர், “கொத்தனாருங்க ஓடிப்பூட்டானுங்களா? நம்ம பையன் ஒருத்தன் கீறான், சொல்லவா?” என்று உதவிக்கு வந்தார். எல்லாம் அன்புதான், அதுதான் தாங்க முடியாதது. அக்கா ஆரம்பத்தில் மாரைத் தட்டிக்கொண்டு பதில் சொன்னார். “இதாம்மா இப்ப ஸ்டைலு. பெரிய ஆர்க்கிடெக்ட்டு சொல்லிக்கிறாரு.” கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். பத்தடி தள்ளிப் போய், “பாவம், சமாளிக்குது” என்பார்கள்.

மந்திரிப்பு நாள் வந்தது. புது வீட்டுக்குப் பாதிரியாரை அழைத்து ஜெபம் செய்து, தீர்த்தம் தெளித்துவிட்டுத்தான் கத்தோலிக்கக் குடும்பங்கள் உள்ளே குடியேறும். அக்கா தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். பந்தல், நாற்காலி, பின்பக்கம் தேக்ஸாவில் பிரியாணி. சார் இஸ்திரி போட்ட கதரில் வந்திருந்தார். மேஸ்திரி தலைக்கு எண்ணெய் தடவி, மகளையும் மருமகனையும் கூட்டிவந்து ஒவ்வொரு இணைப்பாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

பங்குக் கோயிலுக்கு ஃபாதர் புதிதாக வந்தவர், தெற்கத்திக்காரர், நல்ல மனுஷர். வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார். அக்காவைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“நல்லா வந்துருக்கும்மா. கான்கிரீட் போட்டதுக்கு நன்றி ஜெபம் சொல்லணுமா? இல்ல, நிலை வெச்சதுக்கா?”

ஃபாதர் பாவம், அமைதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு இன்னும் அன்பானார்.

“பூச்சு வேலைக்கு ஒண்ணும் யோசிக்காதீங்கம்மா. ஆண்டவர் வழி காட்டுவார். முடிஞ்சதும் சொல்லுங்க, பெருசா மந்திரிச்சுடலாம்.”

கூட்டத்தின் ஓரத்தில் மைக்கேல் தொண்டையைக் கனைத்தார். “அதான ஃபாதர் நானும் சொல்லிக்கினு கீறேன். என் தம்பி ஆரம்பிச்சது, இன்னும் இழுத்துக்கினே போவுது.”

சார் ஒரு அடி முன்னால் வைத்து, “ஃபாதர், இது முடிஞ்ச வீடு” என்று ஆரம்பித்தார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஆமா ஃபாதர்” என்றார் அக்கா. “இன்னும் முடியல. முடிச்சிட்டுச் சொல்றேன். இப்ப அல்லாரும் குந்திச் சாப்புட்டுப் போங்க.”

பிரியாணி பரிமாறப்பட்டது. அக்காவே ஒவ்வொரு இலையாகக் கேட்டுக் கேட்டுப் போட்டார். மந்திரிப்பு நடக்கவில்லை.

மறுநாள் காலை ஏலம் முடிந்த கையோடு அக்கா ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“சார், எனக்குப் பூசணும். ரோஸ் கலர் அடிக்கணும்.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். “பிலோமினா அம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்தச் சுவர்ல எதையும் மறைக்கல. உள்ளது உள்ளபடி நிக்குது. அதை மூடறது பொய்.”

“இன்னா சார் பொய்யி? இப்ப உன் செவுருதான் பொய் பேசுது!” ஏலக் குரல் கிடங்கில் எதிரொலித்தது. “காசில்லாம நின்னு போச்சுன்னு சொல்லுது. இவளால முடியலன்னு சொல்லுது. தெருவுல போற ஒவ்வொருத்தன் கையையும் புடிச்சு இஸ்து நிறுத்திச் சொல்லுது. நான் முடிச்சிட்டேன் சார். மெய்யாலுமே முடிச்சிட்டேன். அந்தச் செவுரு ஏன் சார் இல்லன்னு சொல்லுது?”

அக்கா விடவில்லை.

“உன் ஆபீஸையே எடுத்துக்க. மாதா திருநாளுக்குத் தெரு பூரா வசூல் பண்ணுவாங்க. உன்கிட்ட எப்பனா வந்துகீறாங்களா?”

“இல்லை” என்றார் சார். “நான் வேற மதம்ங்கிறதால சங்கடப்படுத்த வேண்டாம்னு…”

“பாய் கடையிலயே வாங்குறாங்க, உன்னாண்ட வர்றதுக்கு இன்னா சங்கடம்? பாவம், அந்தாளு பூசக்கூடக் காசில்லாம ஆபீஸ் நடத்துறாரு, அவரைப் போய்க் கேக்காதீங்கன்னு கமிட்டில சொல்லி வச்சிகீறாங்க. டீக்கடைக்காரரு உனக்கு மட்டும் பெரிய கிளாஸ்ல குடுக்குறாரே, எதுக்குன்னு நெனச்சே?”

நான் மேசைக்கு அடியில் விழுந்த பென்சிலைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். சிரிப்பை அடக்கத்தான். நிமிர்ந்தபோது சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் அவர் துடைத்து நான் பார்த்ததில்லை. அத்தனை வருஷமும் மொத்த ராயபுரமும் தன் கொள்கையைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறது என்பது ஒரு மனிதருக்கு ஒரே மடக்கில் விழுங்கக் கூடிய சமாச்சாரமா?

கடைசியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “சுண்ணாம்புப் பூச்சு” என்றார். “சிமென்ட் பூச மாட்டேன். பெயின்ட் அடிக்க மாட்டேன். சுண்ணாம்புல பூசி, சுண்ணாம்புலயே கலர் குடுப்பேன். அது சுவரோட மூச்சை அடைக்காது.”

“எதுல பூசினா எனக்கின்னா? ரோஸ் வரணும்.”

“வரும்.”

சார் மடங்கிவிட்டார், இனி தொல்லை இல்லை என்று நினைத்தேன். ஏகாம்பரம் மேஸ்திரியை மறந்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் கொத்துக் கரணையைத் தூக்கி மணல் மேல் எறிந்தார்.

“என்னால ஆவாது! வேற ஆளைப் பாத்துக்கோ. பூசுற செவுருன்னா நான் ஏன் இம்மாம் கஷ்டப்பட்டுக் கட்டினேன்? எப்படி வேணா அடுக்கிட்டு மூடியிருப்பேனே! என் பொண்ணு, மாப்புள்ள அல்லாரையும் இட்டாந்து காட்டிகீறேன். இப்ப அது மேல நானே சுண்ணாம்பு அப்பணுமா?” சொல்லிக்கொண்டு வரும்போதே அவர் குரல் உடைந்தது. “செங்கல் சாராவது வாயால சொன்னாரு. செஞ்சது நானு.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லையே. அக்காவிடம் போய்ச் சொன்னேன். அக்கா ஒரு தூக்குச்சட்டியில் வஞ்சிரக் குழம்போடு மேஸ்திரி வீட்டுக்கே கிளம்பிவிட்டார், பின்னால் நானும்.

“நைனா, தெருப்பக்கம் நான் தெருவுக்குப் பதில் சொல்லணும், அதைப் பூசிக் குடு. நான் படுக்குற ரூம்பை அப்படியே உட்டுடு. நாலு செவுரும். அங்க எவனும் வந்து இன்னா ஏதுன்னு கேக்க மாட்டான். நான் பாத்துக்கினே தூங்குறேன்.”

மேஸ்திரி குழம்பைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். “நாலு செவுரும்?”

“நாலும். ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன்.”

“மாதா படம் மாட்டணும்னா அடிச்சிக்க” என்றார் மேஸ்திரி. “இணைப்புல அடி, கல்லுல அடிக்காத.”

அதற்குப் பிறகு நடந்த சுண்ணாம்பு வேலையை நான் இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்ப்பேன். வீட்டின் பின்னால் குழி வெட்டிச் சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் நீற்றிப் போட்டோம். அது கொதித்து அடங்கி வெண்ணெய் பதத்துக்கு வரும் வரை சார் யாரையும் தொட விடவில்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றிக் குழைத்தார்கள். வெல்ல வாசனைக்குத் தெரு எறும்பெல்லாம் விருந்துக்கு வந்துவிட்டது. மேஸ்திரி தானே கட்டிய அழகான இணைப்புகளைத் தானே சுரண்டி, பூச்சு பிடிக்கும்படி பள்ளமாக்கினார். முதல் நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. மூன்றாவது கைப் பூச்சு ஏறி, மணியாசுக் கட்டையால் தேய்த்துத் தேய்த்து முட்டை ஓடு மாதிரி வழவழப்பு வந்ததும்தான் முகம் கொஞ்சம் இளகியது. “பூச்சுலயும் நம்மள அடிச்சுக்க ஆளு கீதா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

நிறம்தான் பெரிய பேஜாராகிவிட்டது. சார் சுண்ணாம்பில் செம்மண்ணைக் கலந்து பலகைகளில் மாதிரி அடித்துக் காட்டினார். அக்கா முதலாவதைப் பார்த்து, “இது காவி சார், நான் இன்னா சாமியாரா?” என்றார். அடுத்ததற்கு, “பல்பொடி கலரு.” அதற்கடுத்ததற்கு, “நேத்து வெட்டின சூரை மீனு.” செங்கல்லுக்குக்கூட அவ்வளவு பரீட்சை வைக்காத சார், வாளியும் வெள்ளையடிக்கிற மட்டையுமாகக் குந்தி உட்கார்ந்து, ஒரு சிட்டிகை மண்ணைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தார். கதர்ச் சட்டை முழுக்க ரோஸ் புள்ளி. “மணலை நாக்குல வெச்சுப் பார்த்தீங்களே, இதையும் வெச்சுப் பாருங்க சார்” என்றேன். “செல்வி அம்மா” என்றார், கண்ணாடியைக் கழற்றாமலே. கடைசியாக ஒரு பலகையைப் பார்த்து அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். காலை ஆறரை மணிக்குக் காசிமேட்டுக் கடலுக்கு மேலே வானம் இருக்கிற நிறம் அது. நிஜமாகவே அழகாக இருந்தது, சாரிடம் அதை நான் சொல்லவில்லை.

இரண்டாவது மந்திரிப்புக்கு முந்தின நாள் சார் எங்கள் எல்லோரையும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். முன்பக்கக் கைப்பிடிச் சுவரில் ஏதோ பிசிறு இருக்கிறது, தானே சரிசெய்கிறேன் என்றார். சுவரில் பெயர் பொறிப்பது என்றால் அவருக்கு ஆகாது. அவர் கட்டிய எந்தக் கட்டடத்திலும் யார் பெயரும் கிடையாது, அவர் பெயர் உட்பட. அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. மறுநாள் போனபோது கைப்பிடிச் சுவர் மேல் ஒரு சாக்குத் திரை தொங்கியது. ஈரம் காயட்டும் என்று மறைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

மறுபடி பந்தல், மறுபடி பிரியாணி. ஃபாதர் வந்ததும் வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார். தெருவே அவர் வாயைப் பார்த்தது.

“அடேயப்பா, என்னம்மா வீடு இது!” என்றார்.

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றார். மைக்கேல் இந்த முறையும் சும்மா இருக்கவில்லை. “என் தம்பி போட்ட கடக்கால் ஃபாதர். அவன் வூடு” என்றார்.

சார் ஏணியில் ஏறிச் சாக்கை இழுத்தார். சுண்ணாம்பிலேயே புடைப்பாக எழுந்த எழுத்துகள், அவர் கையெழுத்து மாதிரியே சாய்வு இல்லாமல், நேராக. ஃபாதர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

“தொடங்கியவர் மரியதாஸ். முடித்தவர் பிலோமினா.”

மைக்கேல் இன்னொரு முறை தன் மனதுக்குள் படித்துப் பார்ப்பது உதட்டசைவில் தெரிந்தது. மேஸ்திரி என் விலாவில் இடித்தார். அவர் கண்ணைப் பார்க்காமல் நானும் இடித்தேன், ஏனென்றால் நான் அழுதுகொண்டிருந்தேன்.

அக்காவுக்கு மட்டும் குரலே எழும்பவில்லை. காசிமேடே அடங்கிப்போகிற அந்தக் குரல்.

“இன்னா சார் இப்படிப் பண்ணிட்டே?” என்றார் மெதுவாக. “ஊரே பாக்குமே சார்.”

“பார்க்கட்டும்மா” என்றார் சார், ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டே. “உள்ளதுதானே எழுதியிருக்கு.”